மெரூன் கோட்டும் தைல வாசனையும்

கொரோனா எல்லாம் ஓய்ந்து, எல்லாம் பழையபடி ஓடத் தொடங்கியிருந்த ஒரு ஜூலை மாதம் அது. துபாயில், ஜெபல் அலியில், உறைந்த மீனும் இறாலும் வைக்கும் ஒரு குளிர்பதனக் கிடங்கில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரி. துள்ளுகிற மீனைப் பார்த்து வளர்ந்தவளுக்கு, கருங்கல்லாக இறுகிக் கிடக்கும் மீன் பெட்டிகளுக்கு நடுவே தெர்மாமீட்டரைச் செருகிப் பார்க்கிற பிழைப்பு வாய்த்தது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று குடையாமல் விடமாட்டேன். வேலைக்குச் சேர்ந்த அன்று என்னைக் குடைந்தது ஃப்ரீசர் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த கொக்கி வரிசை. வெளியே நாற்பத்தைந்து டிகிரி வெயில். இங்கே பஞ்சு அடைத்த நீலக் கோட்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன. உள்ளே போகிறவர் ஒரு கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போவார். வெளியே வந்ததும் அதே கொக்கியில் போட்டுவிடுவார். ஒரு கொக்கி காலியாக இருந்தால் ஓர் ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். கதவைச் சாத்துமுன் சூப்பர்வைசர் கொக்கிகளைத்தான் பார்ப்பார். எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை, ஆனால் எல்லாரும் அதை நம்பித்தான் உள்ளே போனார்கள்.

எனக்கு அந்தக் கம்பெனிக் கோட்டு சுத்தமாகப் பிடிக்கவில்லை. எல்லாம் ஆம்பிளை அளவு. ஒன்றுக்குள் நானும் இன்னொருத்தியும் சேர்ந்து குடித்தனம் நடத்தலாம். போதாததற்கு அதில் யார் யாருடைய வியர்வை நாற்றமோ. அதனால் நாங்கள் குடியிருந்த கராமா பகுதியில், லீவுக்குக் குளிர் நாடுகளைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கென்று இருக்கிற ஒரு கடையில், மெரூன் நிறத்தில் நல்ல தடிமனான கோட்டு ஒன்று வாங்கினேன். என்னோடு ரூமில் இருந்த நர்ஸ் தோழி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? ஃபேன் காத்துக்கே நாம வெந்து சாவுதோம், இவ கம்பளிக் கோட்டு வாங்கிட்டு வந்து நிக்கா!"

வாங்கின கோட்டைக் கொக்கியில் மாட்ட எனக்கு மனசு வரவில்லை. வேறு யாராவது எடுத்துப் போட்டுக்கொண்டால்? ஆகவே ஆபீஸில் என் நாற்காலியின் முதுகிலேயே அதை மாட்டி வைத்தேன். நான் இல்லாதபோதும் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும். ஆபீஸில் எல்லாரும் அதற்கு "குட் மார்னிங்" சொல்லிக் கிண்டலடிப்பார்கள்.

சில வாரங்களில் ஒரு விசித்திரம் ஆரம்பித்தது. நான் திறந்து விட்டுப் போன ஜிப், திரும்பி வரும்போது கழுத்துவரை ஏற்றப்பட்டிருக்கும். உள்பக்கம் மடிந்து கிடந்த கை நேராக இருக்கும். ஒரு நாள் காலரில் நீலகிரித் தைல வாசனை. நான் தைலமே தேய்ப்பதில்லை. இன்னொரு நாள் பையில் கையை விட்டால் இஞ்சி மிட்டாய் சுற்றிய காகிதம்!

யாரோ என் கோட்டைப் போட்டுப் பார்க்கிறார்கள். கோபம் வரத்தான் செய்தது. ஆனால் கோபத்தைவிட ஆர்வம்தான் அதிகம். இந்த வேகாத வெயிலில், எடுத்துக்கொண்டும் போகாமல், சும்மா போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிற ஆள் யாராக இருக்கும்? எப்போதும் ஜலதோஷத்தோடு இருக்கும் மலையாளி கணக்கர் மேல் முதல் சந்தேகம். அவர் மேஜையருகே போய் மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன், வெறும் சிகரெட் வாசனை. ரிசப்ஷனில் இருந்த பிலிப்பினோ பெண்ணுக்கு மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன். இஞ்சி என்றதும் முகத்தைச் சுளித்தாள். ராத்திரி ரூமில் இந்தத் துப்பறியும் கதையைச் சொன்னால், "நம்ம வீட்டு சிஐடி வந்தாச்சு" என்று தோழி சிரிப்பாள்.

ஆபீஸைக் கூட்டித் துடைக்கிற அக்காவை நான் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. இலங்கை மலையகத்துக்காரர், ஹட்டன் பக்கம் ஏதோ எஸ்டேட். அதிகம் பேசமாட்டார். என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார், தேநீர் வேண்டுமா என்று கேட்பார், அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

அப்படியே ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை என்றால் மதியம் கிடங்கே காலி. தொழுகைக்குப் போகிறவர்கள் பள்ளிவாசலுக்குப் போவார்கள், மற்றவர்கள் பிரியாணி தீர்வதற்குள் மெஸ்ஸுக்கு ஓடுவார்கள். அன்று காலை இறக்கின இறால் பெட்டிகளில் ஒன்றைப் பார்க்காமல் விட்டது சாப்பாட்டு நேரத்தில் ஞாபகம் வந்தது. ரெண்டு நிமிஷ வேலைதானே என்று கோட்டை மட்டும் மாட்டிக்கொண்டு, கையுறைகூட இல்லாமல் உள்ளே போனேன். கடைசி வரிசைப் பெட்டி அடுக்குக்குப் பின்னால் குனிந்து நின்றேன். தலைக்கு மேலே ராட்சச மின்விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலில் யார் கூப்பிட்டாலும் கேட்காது.

திடீரென்று விளக்கு அணைந்தது. தடால் என்று கதவு சாத்தும் அதிர்வு மட்டும் காலில் தெரிந்தது.

சூப்பர்வைசரைக் குற்றம் சொல்லவே முடியாது. அவர் கொக்கிகளைப் பார்த்தார். எல்லா நீலக் கோட்டுகளும் அதனதன் இடத்தில் தொங்கின. என் கோட்டுக்குத்தான் கொக்கியே கிடையாதே! தாழைப் போட்டுவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார்.

மொபைல் வெளிச்சத்தில் கதவுக்கு ஓடினேன். உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற கைப்பிடி ஒன்று உண்டு. அது ஐஸ் பிடித்து அசையவே இல்லை. வெறும் கையால் தள்ளினேன், தோல் இரும்போடு ஒட்டிக்கொண்டு எரிந்தது. பக்கத்தில் சிவப்புப் பொத்தான். அழுத்தினால் வெளியே மணி அடிக்கும். அழுத்தினேன், அழுத்திக்கொண்டே இருந்தேன். அடித்திருக்கும். கேட்கத்தான் ஆள் இல்லை. அந்தத் தடித்த கதவுக்குள் போனுக்குச் சிக்னலும் கிடையாது. குளிரில் அதுவும் செத்துப்போனது.

பயம் என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது. கும்மிருட்டு. காற்றை இழுத்தால் மூக்குக்குள்ளேயே உறைகிறது. கால் விரல்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. மேலே கோட்டு இருந்தாலும் கீழே மெல்லிய பேண்ட்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாய் என்று மட்டும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கதவோரமாக முன்னும் பின்னும் நடந்தேன். மாதாவே, மாதாவே என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். ஊரில் அம்மா இந்நேரம் மீன் குழம்பு வைத்துவிட்டு என் போனுக்காகக் காத்திருப்பாள் என்ற நினைப்பு வந்ததும் அழுகை முட்டியது.

விரல்களைச் சூடாக்கக் கோட்டுப் பைக்குள் கையைத் திணித்தபோது ஏதோ தட்டுப்பட்டது. முழு இஞ்சி மிட்டாய் ஒன்று. இந்தத் தடவை அந்த மர்ம ஆசாமி காகிதத்தோடு மிட்டாயையும் மறந்து வைத்திருந்தார். பல்லால் காகிதத்தைக் கிழித்து வாயில் போட்டேன். நாக்கில் சுள்ளென்று ஏறியது. அந்த நிலையிலும் என் வியாதி விடவில்லை. யார் வைத்த மிட்டாய் இது என்று தெரியாமலே செத்துப்போய்விடுவேனோ என்று ஒரு கவலை!

மிட்டாய் கரைந்து ரொம்ப நேரம் ஆகியிருக்கும். பொத்தானை அழுத்தக்கூட விரல் வளையாமல், முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தேன். வெளியே தாழ் இழுபடும் சத்தம். கதவு ஒரு சாண் நகர்ந்தது, வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அடுத்த நொடி யாரோ என்னை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்கள்.

"ஐயோ மிஸ்! நீங்க உள்ளுக்குத்தான் இருக்கிங்கன்னு எனக்குத் தெரியும் மிஸ்!"

கூட்டித் துடைக்கிற அக்கா. என் முகம் அவர் தோளில் புதைந்திருந்தது. அங்கே நீலகிரித் தைல வாசனை. என் காலரில் இருந்த அதே வாசனை.

அதற்குள் ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். சூப்பர்வைசர் கண்ணிலும் தண்ணீர். மேனேஜர் வந்ததும் என்னை விசாரித்துவிட்டு அந்த அக்கா பக்கம் திரும்பினார். உள்ளே ஆள் இருப்பது உனக்கு எப்படித் தெரிந்தது, ஆபீஸில் யாரும் இல்லாத நேரத்தில் உனக்கு அங்கே என்ன வேலை என்று இந்தியில் கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஸ்டாஃப் பொருளைத் தொட்டார் என்று தெரிந்தால் மறுநாளே டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்கள். எனக்குப் பேச நாக்கே புரளவில்லை. இருந்தாலும் புரட்டினேன்.

"நான்தான் சார் வரச் சொன்னேன். வெள்ளிக்கிழமை என் கோட்டைத் தட்டி வைக்கச் சொல்லியிருந்தேன்."

அக்கா சடாரென்று என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

முதலுதவி அறையில் வெதுவெதுப்பான தண்ணீரில் என் விரல்களை வைத்துவிட்டு அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் முழுக் கதையும் வந்தது.

"கோட்டு கதிரையில இல்ல மிஸ். ஒங்க சாப்பாட்டு டப்பா தொறக்காம இருக்கு, பேக்கும் இருக்கு. டாய்லட்ல பாத்தேன், பேன்ட்ரியில பாத்தேன், காணோம். இந்த வெயில்ல கோட்டப் போட்டுக்கிட்டு வெளிய யாரு போவா? அப்ப உள்ளுக்குத்தானே இருக்கணும்? ஓடி வந்தேன், மணி அடிச்சுக்கிட்டு கெடந்துச்சு."

"அது சரி அக்கா. அந்தக் கோட்ட நீங்க எதுக்கு போட்டுப் பாத்திய?" என்றேன். உயிர் போய் உயிர் வந்திருக்கிறது, ஆனாலும் இதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

அவர் அழுதுகொண்டே போனை எடுத்துக் காட்டினார். வெள்ளைச் சுவருக்கு முன்னால், கழுத்துவரை ஜிப் ஏற்றிய என் மெரூன் கோட்டில் அவர். வாரத்துக்கு ஒன்றாக எத்தனையோ படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே சிரிப்பு.

"மகளுக்கு அனுப்புறதுக்கு மிஸ். ஸ்கூல்ல ஒரு புள்ள சொல்லியிருக்கு, துபாய்ல வெயில்ல ஆளுங்க மயங்கி விழுந்து செத்துப் போறாங்கன்னு. அன்னையிலருந்து சோறு திங்காம, அம்மா வந்துரு, வந்துருன்னு ஒரே அழுக. அதான் இங்க நம்ம ஊர விடக் குளிருன்னு சொல்லிட்டேன். ஒரு போட்டோவுல மூக்குல வேர்வ இருந்திருக்கு. அதையும் கேட்டுப்புட்டா. பனி உருகுதுன்னு சமாளிச்சேன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. வெள்ளிக்கிழமைப் படம் வரவில்லை என்று மகளே கூப்பிட்டுவிட்டாள். திரையில் இரட்டைப் பின்னலோடு ஒரு சின்ன முகம். அம்மாவுக்குப் பக்கத்தில் கோட்டுக்குள் சுருண்டிருந்த என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

"ஆன்ட்டி, அங்க நெசமாவே குளிருதா?"

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே வெயிலில் தார்ச்சாலை நெளிந்துகொண்டிருந்தது.

"நெசமாத்தான் மக்களே. பாரு, ஆன்ட்டிக்குப் பல்லு தந்தியடிக்குது" என்றேன். அது நடிப்பே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை சூப்பர்வைசர் தன் கையாலேயே வரிசையின் முடிவில் ஒரு புதுக் கொக்கி அடித்து, என் கோட்டை அதில் மாட்டினார். உள்கைப்பிடியையும் மாற்றினார்கள். அக்கா அதற்குப் பிறகு ஒளியாமல் வந்து கோட்டை எடுத்துக்கொண்டு போவார். ஒரு வெள்ளிக்கிழமை கொக்கி காலியாக இருப்பதைப் பார்த்து சூப்பர்வைசர் பதறிப்போய் ஃப்ரீசருக்குள் என்னைத் தேடு தேடென்று தேட, நானோ ஆபீஸில் அக்காவை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று வாங்கின திட்டு எங்கள் இருவருக்கும் சரிபாதி.

விரல் நுனிகளில் உணர்ச்சி திரும்ப சில வாரங்கள் ஆயின. இடது சுண்டுவிரல் இப்போதும் ஏசி காற்றுக்கு மரத்துப்போகும். அக்கா வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பியபோது கோட்டை அவரிடம் நீட்டினேன். கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"எனக்கு ஊர்ல ஸ்வெட்டர் இருக்கு மிஸ். ஒங்களுக்குத்தான் இங்க குளிரும்."

இப்போது நான் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கவில்லை. கராமா ரூமில் அலமாரியின் பாதியை அந்தக் கோட்டுதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. யாருக்காவது கொடுத்துத் தொலையேன் என்று தோழி கத்தாத மாதம் இல்லை. தைல வாசனை எப்போதோ போய்விட்டது. ஆனாலும் அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம், எனக்குத் தெரியாமல் ஒருத்தி இதைப் போட்டுப் பார்த்தாளே, அதனால்தான் இன்று அம்மாவுக்குப் போன் பேச நான் இருக்கிறேன் என்ற நினைப்பு வந்து, திரும்ப அலமாரியிலேயே மாட்டிவிடுகிறேன்.