சூனியச் சிறப்பிதழ்

கல்லூரியில் நாங்கள் மாணவர்களாகவே ஒரு தத்துவ இதழ் நடத்தினோம். பல நாட்டுச் சிந்தனைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் இதழ். பௌத்தர்கள் சூனியம் என்று சொல்லும் வெறுமையையும் சூஃபிகள் சொல்லும் கரைந்துபோதலையும் சேர்த்து ஒரு சிறப்பிதழ் போடலாம் என்று ஆசிரியரான நான்தான் சொன்னேன். ‘சூனியம் பற்றி எழுத அழைக்கவும்’ என்று என் எண்ணைப் போட்டு, தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து குற்றாலம் வரை நோட்டீஸ் ஒட்டினோம். ஊரில் அந்தச் சொல்லுக்கு பில்லிசூனியம் என்றுதான் அர்த்தம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நாளும் வந்துவிட்டது. ஒரு கட்டுரைகூட வரவில்லை. போன் மட்டும் ஓயவில்லை. கட்டுரையாக இருக்காதா என்று ஒவ்வொரு முறையும் பாய்ந்து எடுப்பேன். “நாங்க சூனியம் எடுக்கிறவங்க இல்ல!” என்று கத்திவிட்டு வைப்பேன்.

கடைசியாகக் கீழப்பாவூரிலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே பேசினார்.

“எங்க வீட்டுக்காரவுக துபாய்ல இருந்து பேசியே மாசக்கணக்காச்சு தம்பி. நீங்க எடுக்காண்டாம். சூனியம்னு ஒண்ணு இருக்கா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

எதிரே இதழின் பக்கங்கள் காலியாகக் கிடந்தன.

“அக்கா, இதையே நாலு பக்கம் எழுதித் தருவீங்களா?” என்று கெஞ்சினேன்.

அவர் அழுகையை நிறுத்தினார்.

“ஐயோ தம்பி, உங்களுக்கும் யாரோ வச்சிட்டாவ போல.”