ஆணியில் தொங்கிய கலியாணப் படம்

சண்டைக் காலத்தில் பிணங்களைப் படம் எடுத்துத்தான் நான் சோறு தின்றேன். மட்டக்களப்பில் இருந்துகொண்டு ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்துக்கு வேலை செய்தேன். சித்தாண்டிப் பக்கம் வயல் வரம்பில் கிடந்தவர்களையும் ஆற்றோரச் சேற்றில் ஒதுங்கியவர்களையும் எடுத்து அனுப்புவேன். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். முகம் சிதைந்தது வேண்டாம், முகம் தெரிகிறதாகப் பார்த்து அனுப்பு என்று கொழும்பிலிருந்து சொல்வார்கள். சந்தையில் மீன் வாங்குகிறவர்களும் அப்படித்தான் பேசுவார்கள். அருவருப்பு அப்போதே இருந்தது. இறைச்சிக் கடைக்காரனின் சட்டையில் வாடை இருப்பதுபோல, இந்தத் தொழிலுக்கு இது என்று நினைத்துக்கொண்டேன்.

சுனாமி அடித்துச் சில நாட்களில், எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு படப்பிடிப்பாளரை என்னுடன் அனுப்பினார்கள். பேர் பெற்ற மனிதர். அவருக்கு இடங்களைக் காட்டி, மொழிபெயர்க்கவும் வேண்டும். நாவலடிக்குக் கூட்டிப்போனேன். ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் ஆறுமாக நீளும் மணல் திட்டு அது. என் அக்காவின் வீடும் அங்கேதான் இருந்தது. அக்காவும் அத்தானும் முதல் நாளே மண்டூரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்ததால் பிழைத்தார்கள். வீட்டில் ஒரு சுவர் மட்டும் நின்றது. அதில் அவர்களுடைய கலியாணப் படம் ஆணியில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

நான் ஒரு கிழவரோடு பேசிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, அந்த மனிதர் படத்தை ஆணியிலிருந்து கழற்றிவிட்டிருந்தார். மணலில் சாய்வாக வைத்தார். போதவில்லை போலும். குப்பைக்குள் கிடந்த ஒற்றைச் செருப்பை எடுத்துவந்து பக்கத்தில் போட்டார். பிறகு தண்ணீர்ப் போத்தலைத் திறந்து கண்ணாடியின்மேல் கொஞ்சம் தெளித்துவிட்டு, முழங்காலில் இருந்து கமெராவை உயர்த்தினார்.

அந்த நேரம் பார்த்து அத்தான் வந்தார். மிஞ்சிய சாமான் ஏதும் இருக்குமா என்று தேட வந்தவர்.

“மச்சான், அது எங்கட படமெல்லோ?” என்று என்னிடம் கேட்டார்.

“ஓம் அத்தான்.”

“அப்ப ஏன் கீழ வைச்சிரிக்கான்?”

இவர்தான் படத்தில் இருக்கும் மாப்பிள்ளை, பெண்ணும் உயிரோடு இருக்கிறாள் என்று அந்த மனிதருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். மகிழ்ச்சி என்று சொல்லி அத்தானின் கையைக் குலுக்கினார். பிறகு, வெளிச்சத்தை மறைக்கிறார், கொஞ்சம் விலகி நிற்கச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அதை மொழிபெயர்க்காமல், நானே போய்ப் படத்தை எடுத்து அத்தானிடம் கொடுத்தேன். அதற்குள் அவர் எடுத்து முடித்துவிட்டார்.

கட்டாரில் வேலை செய்த எங்கள் பெரியம்மாவின் மகன் கொஞ்ச நாளில் தொலைபேசியில் அழுதான். அலை கொண்டுபோன தம்பதி என்று எழுதி அந்தப் படத்தைப் பத்திரிகையில் போட்டிருந்தார்களாம். நான் சொன்னதை அவன் நம்பவில்லை. அக்கா தொலைபேசியை வாங்கி, “டேய், நான் சாகல்லடா. ஆர் உனக்குச் சொன்ன?” என்றா. அவன் இன்னும் பெரிதாக அழுதான். நிறுவனத்துக்கு எழுதினேன். தவறுக்கு வருந்துகிறோம், ஆனால் அது மிக வலிமையான படம் என்று பதில் வந்தது.

மீன் பிணங்களைத் தின்றிருக்கும் என்று அந்த நாட்களில் ஊரில் ஒருவரும் மீன் தின்னவில்லை. அத்தான் ஆற்றில் வலை போடுகிறவர். பிடித்ததை விற்க முடியாமல் திரும்பி வருவார். மீனைப் பார்த்தாலே சனங்களுக்கு ஓங்காளம் வந்தது. எனக்குக் கமெராவைப் பார்த்தால் வந்தது. ஆனாலும் விட்டுவிடவில்லை. வேறு தொழில் தெரியாது.

போர் முடிந்தபோது வன்னியிலிருந்து வந்தவர்களை அடைத்து வைத்திருந்த முகாமுக்குப் பத்திரிகைக்காரர்களான எங்களைப் பஸ்ஸில் கொண்டுபோனார்கள். ஒரு பிரமுகர் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தார். வரிசையில் முன்னுக்கு நின்ற வயதான அம்மாவுக்குக் கொடுக்கும்போது ஒருவருடைய கமெரா வேலை செய்யவில்லை. பிரமுகர் பார்சலை அவவின் கையிலிருந்து திரும்ப வாங்கி, மீண்டும் சிரித்துக் கொடுத்தார். மூன்றாம் முறையும் வாங்க வந்தபோது அவ பார்சலை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, “ஐயா, நான் இன்னும் திங்கல்ல” என்றா. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் என் தொழில்காரர்கள். நான் பஸ்ஸுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். அத்தோடு அந்த வேலை முடிந்தது.

ஊருக்கு வந்து, இருந்த கமெராக்களை விற்று ஒரு சின்ன வீடியோ கமெரா வாங்கினேன். அக்காவும் அத்தானும் அப்போது திராய்மடுவில், புதிதாகக் கட்டிக் கொடுத்த வீட்டில் இருந்தார்கள். போய்த் தின்று குடித்துவிட்டு, இடையிடையே எடுத்தேன்.

“இத ஆருக்குக் காட்டப் போறாய் தம்பி?” என்று அக்கா கேட்டா.

“முதல்ல உங்களுக்கு.”

“அப்ப நான் பல்லுத் தீட்டுறதெல்லாம் எடுக்காத.”

ஒன்றும் நடக்காத படம் அது. அத்தான் கிழிந்த வலையைப் பொத்துகிறார். அக்கா தேங்காய் துருவிக்கொண்டே அவரை ஏசுகிறா. நான் கேட்காமலே ஒருநாள், “செத்துப் போனதெண்டு பேப்பரில போட்ட மறுகா, கனகாலம் கண்ணாடி பாக்கப் பயமா இரிந்த” என்று சொன்னா. சொல்லிவிட்டுத் துருவலைப் பிழிந்தா. நானும் கமெராவை அவவின் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோகவில்லை.

வெளிநாட்டுத் திரைப்பட விழா ஒன்றுக்கு அனுப்பினேன். நல்ல முயற்சி, சுனாமிக் காட்சிகள் சேர்த்து, அந்தப் பெண் அழும் இடம் ஒன்று இருந்தால் தெரிவு செய்யலாம் என்றார்கள். அக்காவிடம் சொன்னேன்.

“வெங்காயம் உரிக்கக்க எடுத்திருக்கலாம்” என்றா.

அவர்களுக்குப் பதில் எழுதவில்லை. பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு அக்காவின் தொலைக்காட்சியில் போட்டுக் காட்டினேன். அத்தான் வலை பொத்தும் இடத்தில் அத்தானே நித்திரையாகிவிட்டார். தன்னுடைய குரல் இவ்வளவு கீச்சென்று இருக்கிறதா என்று அக்கா கேட்டா. கண்ணாடிக் கதையை மட்டும் வெட்டச் சொன்னா. வெட்டிவிட்டேன்.

டிசம்பர் வந்தால் இன்றைக்கும் யாராவது தொலைபேசியில் கேட்பார்கள், பழைய பிணப் படங்கள் ஏதும் கைவசம் இருக்கிறதா என்று. மிக மரியாதையாகத்தான் கேட்பார்கள். நான் அவர்களைப் பேசி முடிக்க விடாமல் தொலைபேசியை வைத்துவிடுகிறேன்.