எறும்புக்கு ஒரு பாலம்

வெளிநாட்டிலிருந்து வந்து நம் பப்பாளி மரங்களில் ஒட்டிக்கொண்ட மாவுப்பூச்சிதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அது கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். அதைக் கொல்ல வரும் குளவியை நெருங்கவிடாது. எறும்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, பீர்க்கன்கரணையில் ஒரு வீட்டுப் பப்பாளி மரத்தைச் சுற்றிக் கிரீஸ் பூசிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனால், எறும்பு வரிசை ஜோராக ஏறிக்கொண்டிருந்தது. கிரீஸின் மீது ஒரு விளக்குமாற்றுக் குச்சியை யாரோ பாலம்போலச் சாய்த்து வைத்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான்தாம்மா வெச்சேன்," என்றார் வீட்டுக்கார அக்கா. "மேல மாட்டிகினது கீழ வர முடியல, கீழ கீறது மேல போவ முடியல. பாக்கவே பேஜாரா இருந்துச்சு."

"எறும்பு போனாதான்க்கா குளவி வரும். உங்க மரம் பிழைக்கும்."

"மரம் போனா இன்னா, வேற நட்டுக்கலாம்."

மறுபடி பூசத்தான் டப்பாவைத் திறந்தேன். குச்சி வழியாக ஓர் எறும்பு இறங்கி வந்துகொண்டிருந்தது. அது இறங்கிவிடட்டும் என்று நின்றேன். அதன் பின்னாலேயே இன்னொன்று வந்தது.

டப்பாவை மூடிவிட்டு, வேறு மரம் தேடி வண்டலூர் பக்கம் வண்டியைத் திருப்பினேன்.