மர்சூக்குக்கு ஊர் கொடுத்த பெயர்

மர்சூக் ஸாலிஹ் எங்கள் மலையூரிலிருந்து அத்தக் நகரத்துக்குப் பதினெட்டு ஆண்டுகள் பிக்கப் வண்டி ஓட்டினான். ஷப்வா மாகாணத்தின் எங்கள் வட்டப் பதிவு அலுவலகத்தில் அவனுடைய ஐந்து பெண்களின் பிறப்பையும் நான்தான் பதிந்தேன். மகன் இல்லை. குடும்பஸ்தனை வெறும் பெயர் சொல்லி அழைப்பது எங்களிடம் மரியாதையல்ல. இனிமேல் பிறக்கப்போகும் மகனுக்கு ஒரு பெயர் வைத்து, அவனுடைய தகப்பன் என்றே கூப்பிடுவோம். அப்படித்தான் மர்சூக் 'அபூ நஷ்வான்', அதாவது நஷ்வானின் தகப்பன், ஆனான்.

அந்த ஆண்டு மார்ச் மாதம், மலைக்கு அப்பால் இருந்த ஆயுதக் குழுவின் தளபதிக்கும் அதே பெயர் என்று வானொலியில் சொன்னார்கள். சந்தையே சிரித்தது.

"அபூ நஷ்வான், உன் தலைக்கு அமெரிக்காக்காரன் விலை வச்சிருக்கானாமே!" என்றான் போதைக்கு மெல்லும் காத் இலை விற்கும் துபைஷ்.

"என் வண்டியையே எவனும் விலைக்குக் கேக்க மாட்டேங்கிறான், தலையை யாருடா கேக்கப்போறான்?"

மே 14 அன்று, தளபதி தங்கியதாகச் சொல்லப்பட்ட வீட்டின்மேல் ட்ரோன் குண்டு போட்டது. செத்தவர்கள் இரண்டு ஆட்டுக்காரர்கள். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

தொலைபேசியில் தன்னை மர்சூக் என்றே கூப்பிடும்படி அவன் எல்லோரிடமும் கெஞ்சினான். மகனில்லாதவன் மனம் நோகுமே என்று பெரியவர்கள் பழையபடியே கூப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் மூன்று சிம் மாற்றினான். "அந்தக் கூட்டத்து ஆளுங்கதான் இப்படி மாத்துவானுங்க" என்று துபைஷ் சொன்ன பிறகு, தொலைபேசியையே விட்டுவிட்டான். தொலைபேசி இல்லாமல் திரிபவர்களும் அவர்கள்தான் என்று பேச்சு வந்தது. வண்டியில் ஆள் ஏறுவது நின்றது.

ஜூன் 9, ஞாயிறு காலை அலுவலகத்துக்கு வந்தான்.

"உக்காரு, அபூ நஷ்வான்" என்றேன்.

"நீங்களுமா, ஹாஜி?"

வெட்கப்பட்டேன். அவன் மர்சூக் ஸாலிஹ்தான், வேறொருவன் அல்ல என்று சான்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்து முடித்து, ஜன்னலுக்கு வெளியே அண்ணாந்து பார்த்தான். விடிந்ததிலிருந்து ட்ரோன் மேலே ரீங்கரித்துக்கொண்டே இருந்தது.

"இதை யார்கிட்ட காட்டறது, ஹாஜி?"

மறுநாள் வண்டியின் கூரைமேல் ஏறி, வெள்ளைச் சாயத்தில் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் முழ அளவு எழுத்தில் எழுதினான். அரபு எழுத்து. கீழே நின்ற துபைஷ் எழுத்துப்பிழை இல்லை என்று உறுதி சொன்னான்.

ஜூன் 27 அன்று அத்தக் சாலையில் வண்டி எரிந்தது. மர்சூக்கும், மருந்து வாங்கக் கூடப் போன அவன் மைத்துனன் காயிதும் இறந்தார்கள். 'அபூ நஷ்வான் கொல்லப்பட்டான்' என்றது இரவுச் செய்தி. பதினொரு நாள் கழித்துத் தளபதி தன் குரலில் பேசி ஒரு ஒலிப்பதிவு வெளியிட்டான்.

மர்சூக்கின் மனைவி நூரிய்யா தன் மூத்த மகளை என்னிடம் அனுப்பினாள்.

"மாமா, அது எங்க வாப்பா, அவங்க தேடின ஆள் இல்லைன்னு இப்ப வானொலியில சொல்லிருவாங்கல்ல? எப்பச் சொல்வாங்கன்னு உம்மா கேக்கச் சொன்னாங்க."

"கேட்டுட்டுச் சொல்றேன், புள்ள" என்றேன்.

நோன்பு முடியும்வரை நாளுக்கு நான்கு செய்தி, ஒன்றுவிடாமல் கேட்டேன். சொல்லவில்லை.