தறிக்கு நல்ல அரிசி

எழுபதுகளில் ஆரணியில் ஒரு மளிகைக் கடையில் எடை போடும் வேலை பார்த்தேன். பட்டு நூல் விலை ஏறி, தறிகள் பாதி நாள் சும்மா கிடந்த வருஷம் ஒன்று. தறிக்கார வீட்டு அம்மாள் ஒருத்தி வருவாள். ஒல்லியான உடம்பு, கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். துவரம்பருப்பு வாங்குவதை முதலில் விட்டாள், பிறகு நல்லெண்ணெயை, பிறகு சர்க்கரையை. ஆனால் இரண்டு பைகள் கொண்டுவருவதை மட்டும் விடவில்லை. ஒன்றில் நல்ல அரிசி, தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போட. மற்றதில் நொய், வீட்டில் சாப்பிட.

ஒருநாள் மனசு கேட்காமல், "நல்ல அரிசியைப் புள்ளைங்களுக்கு ஆக்கிப் போடுங்கம்மா. நூலுக்கு நொய்க்கஞ்சி போதாதா?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "கல்லும் தூசுமா இருக்கிற நொய்யிங்க, நூலு அறுந்துபூடும். சேலையில குறை இருந்தா மொதலாளி கூலியப் புடிச்சிக்குவாரு. புள்ளைங்க எத்தத் துன்னாலும் அறுந்தா பூடுதுங்க?"

நல்ல அரிசிப் பையின் வாயை மட்டும் இறுக்கி முடிந்துகொண்டு போனாள்.

பல வருஷம் கழித்து மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுத்தோம். என் மனைவி முந்தானையைத் தடவி, "எப்படி மொடமொடன்னு கீது, தொட்டுப் பாருங்க" என்றாள்.

எனக்குக் கை நீளவில்லை.