கிளாஸை மாற்றி வைக்கிறவர்

மோகனா பிஸ்கட் டின்னை எடுக்க உள்ளே திரும்பியதும் அம்பிகைபாகனின் வலது கை மேசை மேல் நகர்கிறது. தமக்கு முன்னால் இருக்கும் தேத்தண்ணிக் கிளாஸை அவள் பக்கம் தள்ளி, அவளுடையதைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கிறார். சத்தமே வராது. கிளாஸ் நகர்ந்த ஈரம் மேசையில் தெரியக்கூடாது என்று துண்டு நுனியால் ஒரு துடைப்பு வேறு. அவள் டின்னோடு திரும்பி வரும்போது அவர் ஜன்னல் வழியாக கிரீன் லேன் சாலையில் போகும் காடிகளை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணம் பதிவான மறுவாரம் தொடங்கிய பழக்கம். ஒன்பது வருடமாக நடக்கிறது.

எங்கோ ஒரு ஊரில் இரண்டாம் மனைவி காப்பியில் எதையோ கலந்துவிட்டாள் என்று அந்த வாரம் அவர் பேப்பரில் படித்தார். மோகனாவும் அவருக்கு இரண்டாம் மனைவிதான். அவள் அப்படிப்பட்டவள் என்று அவர் நினைக்கவில்லை. அப்படிப்பட்டவள் இல்லை என்றும் நினைக்கவில்லை. "சந்தேகப்படுறதுக்குக் காசா பணமா?" என்று கோப்பிக் கடையில் கூட்டாளிகளிடம் கேட்பார். கிளாஸ் மாறிய பிறகு அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தாரா என்றால், அதுதான் இல்லை. அவள் முதல் வாய் குடித்து முடிக்கும்வரை தாம் குடிக்காமல் இருப்பார், அவ்வளவுதான்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. தேத்தண்ணி எப்போதும் கொசோங், சீனியே இல்லாதது. அவள் பக்கத்திலிருந்து இழுத்துக் குடிப்பதும் கொசோங்காகவே இருப்பதால், கட்டி வந்த நாளிலேயே மோகனாவும் சீனியை விட்டுவிட்டாள் என்று முடிவு கட்டியிருந்தார். வேறு யாராவது என்றால் அதில் மனம் குளிர்ந்திருப்பார்கள். இவருக்கோ அதிலும் ஒரு நெருடல். எனக்காக இவள் ஏன் சீனியை விடவேண்டும், என்ன எதிர்பார்க்கிறாள்? அதோடு இன்னொரு கணக்கும் இடித்தது. இரண்டு பேருமே சீனி போடாத வீட்டில் மாதம் ஒரு பாக்கெட் சீனி எங்கே போகிறது? மோகனாவின் மகன் குகன் ஏர்கோன் பழுது பார்க்கிறவன். அவனுடைய வேன் அடிக்கடி வாசலுக்கு வரும். சீனி அதில் ஏறிப் போகிறது என்பது அவருடைய தீர்மானம்.

துறைமுகத்தில் அவர் டேலி கிராணியாக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கிடங்கு வாசலில் நின்று எண்ணுகிற வேலை. பூண்டு மூட்டையில் ஓட்டை போட்டு வேட்டி மடிப்பில் பூண்டு கடத்தினவர்களையெல்லாம் பார்த்தவர். வேலை ஓய்ந்து பல வருடமாகிவிட்டது, கண் மட்டும் ஓயவில்லை. பசாரில் மீன் நிறுப்பவன் தராசில் விரல் வைக்கிறானா என்று குனிந்து பார்ப்பார். கிளினிக்கில் தாதி, "அங்கிள், சுகர் ரொம்ப நல்லா இருக்கு லா" என்று சொன்னால், அந்த மெஷின் எப்போது வாங்கினது என்று விசாரிப்பார். ஹாலில் முதல் மனைவி நல்லம்மாவின் படத்துக்கு மோகனா தினமும் விளக்கேற்றுகிறாள். அதையும் ஓரக்கண்ணால் கவனிப்பார். சக்களத்தி படத்துக்கு ஒருத்தி இவ்வளவு சிரத்தையாக எண்ணெய் ஊற்றுவாளா?

இத்தனை சந்தேகத்துக்கும் நடுவில் நிற்பது அந்த வீடுதான். நல்லம்மாவின் சீதனக் காசைப் போட்டு வாங்கியது. அதில் வளர்ந்த ஒரே மகள் ஷர்மினி, கல்யாணமாகி பட்டர்வொர்த்தில் இருக்கிறாள். மோகனாவுக்கோ இந்தக் கூரையை விட்டால் வேறு கூரை கிடையாது. அம்பிகைபாகன் போய்விட்டால் வீடு யாருக்கு? இதை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காததால்தான் அவருக்கு அவர்கள் மேல் சந்தேகமே.

போன வருடம் பழைய துறைமுகக் கூட்டாளி ஒருவரின் சாவு வீட்டுக்குப் போயிருந்தார். சவப்பெட்டியைத் தூக்குவதற்கு முன்பே முதல் தாரத்துப் பிள்ளைகளும் இரண்டாம் தாரமும் வீட்டுச் சாவிக்காகக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். அம்பிகைபாகன் அன்று சாப்பிடவில்லை. தம் வீட்டில் சாவிக்குக் கை நீட்டப்போவது யார் என்று உயிரோடு இருக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தார். அதற்குத் துறைமுகத்துக் குறுக்குவழி ஒன்று அவரிடம் இருந்தது. சரக்கு காணாமல் போனால் ஆளுக்கு ஒரு பொய்யான லாரி நேரத்தைச் சொல்லி வைப்பார். எந்த நேரத்துக்குத் திருடன் வருகிறானோ, அந்த நேரத்தைக் கேட்டிருந்த ஆள் மாட்டிக்கொள்வான்.

அதன்படி, வீட்டை ஷர்மினி பேருக்கு எழுதியாகிவிட்டது என்று மோகனாவிடம் சொன்னார். மோகனா பேருக்கு எழுதியாகிவிட்டது என்று ஷர்மினியிடம் போனில் சொன்னார். உண்மையில் அவர் யாருக்கும் எதையும் எழுதவில்லை. எழுதுவதற்கு வக்கீல் வேண்டும், வக்கீலை நம்ப வேண்டும்.

ஷர்மினி அழுதாள். "அம்மாவோட சீதனக் காசுப்பா அது. அவங்க நல்லவங்கதான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அம்மா வீட்ட எப்படிப்பா குடுப்பீங்க?" என்றாள். பிறகு மூன்று வாரம் போன் வரவில்லை. ஆள் மாட்டிவிட்டது என்று அம்பிகைபாகன் தலையாட்டிக்கொண்டார். ஆனால் சந்தோஷமாக இல்லை. மகளின் அழுகை காதிலேயே நின்றது.

மோகனாவிடம் சொன்னபோது அவள் தோசைக் கல்லுக்கு முன்னால் நின்றிருந்தாள். "சரி," என்றாள். தோசையைத் திருப்பிப் போட்டாள். சட்னி போதுமா என்று கேட்டாள். அழுகிறவளைப் புரிந்துகொள்ளலாம், 'சரி' என்கிறவளை எப்படிப் புரிந்துகொள்வது? பெரிய திட்டம் ஏதோ ஓடுகிறது என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

உறுதியானதற்கு ஏற்றாற்போல் வீட்டிலிருந்து சாமான்கள் காணாமல் போகத் தொடங்கின. முதலில் தையல் மெஷின். ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாக மோகனா சொன்னாள். பிறகு சின்ன பிரஷர் குக்கர், இடியப்ப உரல், இரண்டு சில்வர் சட்டிகள். அலமாரிக்கு மேலே துணியில் சுற்றி வைத்திருந்த அவளுடைய முதல் கணவரின் படமும் ஒருநாள் இல்லை. அம்பிகைபாகன் ஒவ்வொன்றையும் மனதில் குறித்துக்கொண்டார். கிடங்கில் குறைந்த சரக்கையும் அப்படித்தான் குறித்து வைப்பார். அதே கணக்கு இப்போது சொந்த வீட்டில்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மோகனா கனத்த பையோடு பஸ் ஏறினாள். கண்ணை மூடிப் படுத்திருந்தவர் எழுந்து, ஹெல்மெட்டை மாட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு, தம் பழைய ஹோண்டா மோட்டாரைக் கிளப்பினார். எழுபத்து நாலு வயதில் ஒரு பஸ்ஸை மோட்டாரில் துரத்துவது சுலபமில்லை. அதைவிடச் சிரமம் துரத்தாததுபோல் இருப்பது. பஸ் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் இவரும் பின்னால் நின்று கடைப் பலகைகளைப் படிப்பதுபோல் பாவனை செய்தார். பின்னால் வந்த காடிக்காரன் ஹார்ன் அடித்தே களைத்துப்போனான்.

ரைபிள் ரேஞ்ச் பிளாட்டில் மோகனா இறங்கினாள். எந்த மாடியில் லிப்ட் நிற்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த லிப்டில் அவரும் ஏறினார். நீண்ட நடைபாதையில் துணி காய்ந்துகொண்டிருந்த வாசல்களைத் தாண்டி நடந்தவர், ஒரு வாசலில் அவளுடைய நீலச் செருப்பைக் கண்டார். கதவு திறந்திருந்தது. குகன் உள்ளே இருப்பான், பங்கு பிரித்துக்கொண்டிருப்பார்கள், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று எட்டிப் பார்த்தார்.

ஒற்றை அறை. மோகனா மட்டும்தான் இருந்தாள். முதுகு வாசல் பக்கம்.

"ஹெல்மெட்டக் கழட்டுங்க. வேர்த்துக் கொட்டும்," என்றாள், திரும்பாமலே.

அவர் கழற்றவில்லை. ஹெல்மெட்டோடேயே உள்ளே போனார். தையல் மெஷின் ஜன்னலோரம் இருந்தது. குக்கர் இருந்தது. சுவரில் அவளுடைய முதல் கணவரின் படம் மாட்டியிருந்தது. வந்த வேலையை அவர் விடவில்லை. நல்லம்மாவின் பாத்திரங்கள் எல்லாவற்றிலும் நல்லம்மா என்றே பெயர் வெட்டியிருக்கும். சட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தார். 'மோ' என்று இருந்தது. உரலைத் திருப்பினார், அதிலும் 'மோ'. கரண்டிவரை பார்த்தாகிவிட்டது. நல்லம்மா எங்கேயும் இல்லை. அவர் காசில் வாங்கிய ஒரு கரண்டிகூட அங்கே இல்லை. காணாமல் போன அத்தனையும் ஒன்பது வருடத்துக்கு முன்னால் இவள் கொண்டு வந்தவை.

இது யாருடைய வீடு என்று கேட்டார். தையல் காசில் எடுத்த வாடகை அறை என்று மோகனா சொன்னாள். முதல் கணவர் இறந்தபோது, காரியம் முடிந்த மறுநாளே அவருடைய அண்ணன்மார் வந்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார்களாம். குகனுக்கு அப்போது ஆறு வயது. பிள்ளையை ஒரு கையிலும் சட்டிப் பெட்டியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு டத்தோ கெராமாட் சாலையில் நின்றதை அவள் இதுவரை அவரிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

"இன்னொரு தடவ அப்படி நிக்க என்னால முடியாதுங்க. நீங்க இருக்கிற வரைக்கும் நான் அங்கதான். அப்புறம் ஷர்மினி வந்து சாவி கேக்குற மாதிரி வைக்கக் கூடாது. கேக்குற அவளுக்கும் சங்கடம், குடுக்குற எனக்கும் சங்கடம். அதுக்கு முன்னாலயே இங்க வந்துடுவேன்."

அம்பிகைபாகன் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அது சும்மா சொன்னது லா, மோகனா. நான் யாருக்கும் எழுதல," என்றார்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கோபம் இருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க சொன்னீங்க, நான் நம்பினேன். நம்பாம இருக்கிறது உங்க வேலை. எனக்கு அது வராது."

கிடங்கு வாசலில் எத்தனையோ பேரைப் பிடித்துக் கொடுத்தவருக்கு, பிடிபடுவது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அவருக்கு ஏதாவது ஆனால் இவள் இந்த அறைக்கு வந்துவிடுவாள், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல். வீடு ஷர்மினிக்கே இருக்கட்டும், ஆனால் மோகனா கண்ணை மூடும்வரை அதில் அவளை யாரும் அசைக்கக் கூடாது, இரண்டையும் சேர்த்து எழுதிவிடலாம், திங்கட்கிழமை ஷர்மினியையும் வரச் சொல்லி வக்கீலைப் பார்க்கலாம் என்று அவசரமாகச் சொன்னார். அப்படிச் சேர்த்து எழுத முடியும் என்று கோப்பிக் கடையில் கேள்விப்பட்டிருந்தார்.

"எழுதினப்புறம் சொல்லுங்க," என்றாள் மோகனா. கதவைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அறையைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று சொல்ல அவர் வாயெடுத்தார். சொல்லவில்லை. அன்று மாலை ஷர்மினிக்குப் போன் செய்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். "இதுக்கு என்கிட்டயும் அவங்ககிட்டயும் நேராவே கேட்டிருக்கலாம்ல?" என்றாள். திங்கட்கிழமை வருவதாகச் சொன்னாள்.

மறுநாள் காலை மேசையில் இரண்டு கிளாஸ் இருந்தன. மோகனா பிஸ்கட் டின்னுக்காக உள்ளே திரும்பினாள். அம்பிகைபாகனின் வலது கை தானாக நகர்ந்தது. அதை மற்ற கையால் பிடித்து நிறுத்தினார். அது அவருக்குச் சாதாரணக் காரியமில்லை. தமக்கு முன்னால் இருந்த கிளாஸையே, அவள் குடிப்பதற்குக் காத்திராமல், எடுத்து ஒரு வாய் குடித்தார்.

இனித்தது. தாராளமாகச் சீனி போட்ட தேத்தண்ணி.

அவர் கிளாஸைப் பார்த்தார். அவள் பக்கத்து கிளாஸைப் பார்த்தார். மாதம் ஒரு பாக்கெட் சீனி போகும் இடம் தெரிந்தது. இவர் எப்படியும் மாற்றிவிடுவார் என்று தெரிந்து, இவருக்கான கொசோங்கை அவள் இத்தனை வருடமும் தன் பக்கத்திலேயே வைத்து வந்திருக்கிறாள். வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

மோகனா டின்னோடு வந்தாள். அவர் கையில் இருந்த கிளாஸையும் அவர் முகத்தையும் பார்த்தாள். கிளாஸை அவர் கையிலிருந்து வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, மற்றதை அவருக்கு முன்னால் நகர்த்தி, மேசையில் விழுந்த ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.