தேய்த்துக் கழுவச் சொன்னவன்

பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று விரல்ரேகை மெஷினில் பதிவதுதான் என் வேலை. அதற்காகப் பொன்முடி எஸ்டேட்டில் தேயிலைத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போயிருந்தேன். பதிவுக்கு மறுநாள் கடைசி நாள். கணவரை இழந்த மேரியக்காவின் விரலை ஏழு முறை வைத்தும் மெஷின் ஏற்கவில்லை. பதியாவிட்டால் அவருடைய பென்ஷன் நின்றுவிடும். எனக்கோ கடைசி பஸ் போய்விடும்.

“ஒரு விரலை வைக்கக்கூடத் தெரியாதா?” என்று கத்தி, நானே பிடித்து அழுத்தினேன். அவர் பல்லைக் கடித்தார். மெஷினில் ரத்தம் ஒட்டியது.

“விரல்ல என்ன?”

“சாருதானே போன வாரம் சொன்னது, தேயிலைக் கறை போகத் தேச்சுக் கழுவிட்டு வரணும்னு. தினமும் கல்லுல தேச்சேன் சாரே. இன்னும் தேய்க்கணுமா?”

தோல் உரிந்திருந்தது. ரேகையே இல்லை.

ரேகை பதியாதவர்களுக்குக் காகிதப் படிவம் உண்டு. அதிகாரி கையெழுத்துப் போட்டால் போதும். இது எனக்குத் தெரியும். எனக்கு அலைச்சல் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். மறுநாள் காலையில் ஆபீஸில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். பென்ஷன் நிற்கவில்லை.

அடுத்த வாரம் போனபோது, துணி சுற்றிய விரலோடு அக்கா என்னைக் கும்பிட்டார். அதற்குப் பதில் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.